ஹோல்டர் குறிப்பேடு

பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரியில்
நெஞ்சில் ஐந்து வில்லைகள் ஒட்டி
இடுப்பில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.
"நாளைக்கு இந்நேரம் வரைக்குமுங்க மேடம்,
குளிக்க மட்டும் வேண்டாமுங்க."
கூடவே ஒரு தாள்:
மணி, என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள்.
மூன்றாவது கட்டம்தான் ஆகச் சிறியது.

பதினேழு வருஷமாய் இந்த அலையைக்
கரும்பலகையில் வரைகிறேன்.
சின்ன மேடு, கூரான கோபுரம், பிறகொரு சோம்பல் மேடு.
சிக்னல் பிராசஸிங், மூன்றாம் யூனிட், பதினாறு மதிப்பெண்.
என் முனைவர் பட்டமே
பெயரில்லாத நூறு பேரின் துடிப்பு,
இணையத்தில் இறக்கிக்கொண்டது.
மூச்சு வாங்கியது, தோள் நடுங்கியது,
யாரோ புரண்டு படுத்தது
எல்லாவற்றையும் இரைச்சல் என்று வடிகட்டினேன்.
மூன்று வருஷம் வடிகட்டினேன்.
அந்த நேரத்தில் அவர்கள்
என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று
கேட்கத் தோன்றவில்லை.
வழிகாட்டியும் கேட்கவில்லை.

6.50. கல்லூரிப் பேருந்துக்கு ஓடினேன்.
சூரம்பட்டி நாலு ரோட்டில் அது நிற்காது,
மெதுவாகும், அவ்வளவுதான்.
7.20. பள்ளிபாளையம் பாலம். சாயநீர் நாற்றம். தூங்கினேன்.
8.29. கைரேகை.
ஒரு நிமிஷம் தாண்டினால் அரைநாள் விடுப்பு.
வியர்த்த விரலை இயந்திரத்துக்கு அடையாளம் தெரியவில்லை.
முந்தானையில் துடைத்துத் துடைத்து
மூன்றாம் முறை நன்றி சொன்னது.
இதை எழுதவில்லை.

10.15. நான்காம் மாடி, படியில்.
லிஃப்ட், ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் ஓடும்.
மூச்சு வாங்கியது. எழுதினேன்.
ஏறுவது உடம்புக்கு நல்லது என்று சேர்த்து எழுதப்போய்
இடம் போதவில்லை.

பிற்பகல், வெப்படைக்கு அப்பால், அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்க.
மே மாதத்தில் நாங்கள் பாடம் நடத்துவதில்லை,
கதவு தட்டுகிறோம்.
நாலு தறி ஓடும் கொட்டகையில்
வேலைவாய்ப்புச் சதவீதத்தைக் கத்திச் சொன்னேன்.
சென்னியப்பன் தறியை நிறுத்தாமலே கேட்டார்.
"ஏனுங் டீச்சர், என்ற அண்ணன் பையன்
உங்க காலேஜுதானுங்க. அதா, மூணாந் தறியில நிக்கிறான்."
அவன் அறுந்த நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்து சிரித்தான்.
"வணக்கமுங் மேடம். எங்களுக்கு சிக்னல் நீங்கதான் எடுத்தீங்க."
பஞ்சு ஒட்டிய நாற்காலி போட்டார்கள்.
மோர் கொடுத்தார்கள்.

2.40க்கு ஃபோன் அதிர்ந்தது.
குழுவில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பட்டியல்.
யசோதாமணி, எட்டுக்கு மூன்று.
எட்டு வராதவர்களுக்கு ஜூனில் பாதிச் சம்பளம்.
விட்டுவிட்டுப் போகலாம்தான்.
பத்தாம் வகுப்பிலிருந்து என் சான்றிதழ்கள் மொத்தமும்
தாளாளர் அறை இரும்புப் பெட்டியில்.

இரவு மகள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.
"இதுல சார்ஜ் போகுமாம்மா?"
10.00. படுத்தேன் என்று எழுதிவிட்டு
ஒரு மணிவரை
தரமதிப்பீட்டுக் கோப்புக்கு எண்களை நிரப்பினேன்.

மறுநாள் டாக்டர் கலாமணி தாளை விரித்தார்.
ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம் துடிப்பு.
"மாடி ஏறுனப்ப நூத்திப் பதினெட்டு, பரவால்லீங்க.
ரெண்டு நாப்பதுக்கு நூத்தி நாப்பத்தாறு.
நடுநடுவுல தாளம் தப்புது.
அப்ப என்னங்க பண்ணீட்டிருந்தீங்க?"
என் தாளை அவரே பார்த்தார்.
என் கையெழுத்தில், அழகாக:
உட்கார்ந்திருந்தேன்.

"சும்மாவா?"
"சும்மாதானுங்க."

"அப்ப வயர் ஆடியிருக்கும், வெறும் இரைச்சல்.
இன்னொரு நாள் கட்டிப் பார்த்துரலாமுங்க."

எட்டிப் பார்த்தேன்.
கோபுரங்கள் நெருங்கி நெருங்கி,
இடையிடையே ஒன்று முந்திக்கொண்டு, பிறகொரு வெற்றிடம்.
ஓரங்கள் அவ்வளவு சுத்தம்.
நான் வடிகட்ட அதில் ஒன்றுமே இல்லை.

"இரைச்சல் இல்லீங்க" என்றேன்.
தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டு
பேனா கேட்டேன்.